காணாமல் போன இடது பக்கம்

நம் வேலையில் பயப்பட என்ன இருக்கிறது என்று உங்களில் ஒரு பெண் போன மாதம் என்னிடம் கேட்டாள். கேட்டது நியாயம்தான். பாய் விரிக்கிறோம். ஆளைப் படுக்க வைக்கிறோம். தோளை மெதுவாக நகர்த்துங்கள், தலையைத் திருப்புங்கள், வலி வரும் முன்பே நிறுத்துங்கள் என்கிறோம். எடை தூக்கச் சொல்வதில்லை. வியர்க்க விடுவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் இதற்கெல்லாமா ஒரு டீச்சர் என்று சிரிப்பார்கள். நான் அவளுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முட்டி தேய்ந்து தரையில் உட்கார முடியாமல் போனதால் வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டேன். இனி சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் எல்லாம் உங்கள் பாடு. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை உங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்ல வேண்டும். நம் பாடங்கள் பலவற்றில் ஒரு பக்கத்தை மட்டும்தான் அசைக்க வைக்கிறோம். வலது தோள், வலது விலா, வலது இடுப்பு. பிறகு நேராகப் படுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். அசைத்த பக்கம் லேசாக, நீளமாக, தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும். அசைக்காத பக்கம் மரக்கட்டை மாதிரி இருக்கும். சிலர் அந்தப் பக்கம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்பார்கள். சிலர் பேச்சே குழறும் அளவுக்குத் தளர்ந்து கிடப்பார்கள். அதைக் கேட்டால் நமக்குச் சந்தோஷம். பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். அந்த நேரத்தில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பார். "நீ பயந்தா அவங்க ஒடம்பு மூடிக்கும். ஒன் குரல்ல பயம் தெரியவே கூடாது" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் என் இயல்புக்கும் பொருந்தியது. நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை.

தனம் அக்கா மாடம்பாக்கத்துக்காரர். அந்த ஊரின் பழைய குடும்பம். வயல்கள் எல்லாம் மனைகளாகி, மனைகளில் வீடுகள் எழும்பி, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான். மருமகள் கவிதா மாடி அறையில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். தனம் அக்கா வாய் ஓயாதவர். குடித்தனக்காரர்கள், கறிகாய்க்காரர், கவுன்சிலர், யாரையும் விட மாட்டார். அவர் பேசாமல் இருப்பது என் வகுப்பில் மட்டும்தான் என்று கவிதா சொல்வாள். கழுத்துப் பிடிப்புக்காக என்னைக் கூப்பிட்டார்கள். பிடிப்பு போன பிறகும் விடவில்லை.

அது மாம்பழ சீசன். கூடத்தின் மூலையில் ஒரு கூடை பழம். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நான் பாயை விரித்தேன்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்க்கா."

"எடது பக்கம் இன்னா பாவம் பண்ணிச்சு?"

"அது அடுத்த கிளாஸ்ல."

"அதுவரிக்கும் கோணலா நடக்கணுமா நானு? ரோட்ல பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்று சொல்லிச் சிரித்தபடியே படுத்தார்.

தொடங்கும் முன் வழக்கம்போல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிச் சோம்பல் முறித்தார். இரண்டு குதிகால்களும் ஒரே மாதிரி தரையில் பதிந்திருக்கின்றனவா என்று கேட்டேன். "ஒண்ணாத்தான் கீது" என்றார். இது முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வலது தோளோடு சேர்த்துத் தலையைத் திருப்பும் பாடம். என் உள்ளங்கை அவர் தலைக்கும் கழுத்துக்கும் கீழே இருந்தது. திருப்பியது அவர். நான் தாங்கினேன், அவ்வளவுதான். கொஞ்சம் செய்வார், நிறுத்துவார், மறுபடி செய்வார். நடுவில் கண்களை மூடிக்கொண்டார். கடைசியில் நேராகப் படுக்கச் சொல்லிக் கையை எடுத்தேன்.

"இப்ப எப்படிக்கா இருக்கு ரெண்டு பக்கமும்?"

"வலது பக்கம் நல்லா கீது" என்றார்.

"இடது?"

"எடது பக்கமே காணோம்." தொண்டைக்குள் சிரித்தார். "காணாமப் பூட்ச்சு டீச்சரம்மா. சொகமா கீது. உட்டுடு என்னை."

எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் இப்படிச் சொன்னதே இல்லை. வழக்கமாக, ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே என்று என்னைச் சீண்டுவார். நான் சத்தம் செய்யாமல் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு ஈ வந்து அவர் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. நடந்து உதட்டோரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஈ என்றால் தனம் அக்காவுக்கு ஆகாது. தூக்கத்தில்கூட அடிக்கிறவர். இப்போது முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நான் கைக்குட்டையால் விசிறினேன். ஈ போனது. அது இருந்த இடத்தில் எச்சில் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

விசிறுவதை நிறுத்தினேன். உடனே என் மனம் காரணம் சொல்லத் தொடங்கியது. நன்றாகத் தளர்ந்தால் எச்சில் வழியும். நன்றாகத் தளர்ந்தால் முகம் தொங்கும். நன்றாகத் தளர்ந்தால் பேச்சு இழுக்கும். அசைக்காத பக்கம் காணாமல்தான் போகும். நான் பார்த்த ஒவ்வொன்றுக்கும் நம் பாடத்திலேயே பதில் இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் பயம் இதுதான். வெளியாள் ஒருவர் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் அப்போதே அலறியிருப்பார். நமக்கு மட்டும்தான் அது நல்ல வகுப்பாகத் தெரியும்.

கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேட்கவும் பயம். கேட்டால் தெரிந்துவிடும்.

"அக்கா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

வலது கை எழுந்தது. இடது கை பாயிலேயே கிடந்தது.

"இடது கையும்க்கா."

"தூக்கிட்டேன்."

"இல்லக்கா. இடது கை."

"தூக்கிட்டேன்னு சொல்றேன்ல. கண்ணு அவிஞ்சி பூட்ச்சா ஒனக்கு?"

நான் அந்தக் கையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். கனமாக இருந்தது. விரல்களில் அவர் எப்போதும் போட்டிருக்கும் இரண்டு மோதிரங்களும் இருந்தன.

"இது யார் கைக்கா?"

பார்த்தார். யோசிக்கவே இல்லை. "ஒன் கை. சில்லுனு கீது, எடு."

பக்கவாதம் வந்தவருக்குத் தனக்கு வந்திருப்பதே தெரியாமல் இருக்கலாம், தன் கையையே வேறு ஆள் கை என்று நினைக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. கை கனமாக இருக்கிறது என்று நினைப்பது வேறு. கை எழாமல் இருப்பது வேறு. நம் பாடம் முதலாவதைத்தான் செய்யும். இரண்டாவதை ஒருபோதும் செய்யாது. இந்த ஒன்றை மட்டும் உங்கள் மனதில் ஏற்றிவிட்டால் போதும். மீதி எதை மறந்தாலும் பரவாயில்லை.

"கவிதா" என்று கூப்பிட்டேன். வகுப்புக் குரலில் வந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இத்தனை வருஷமாகக் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, வேண்டும் என்கிறபோது அது எழவில்லை. தனம் அக்காவை விட்டுவிட்டு மாடிக்கு ஓடவும் பயம். பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்த சொம்பை எடுத்து ஜன்னல் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். தண்ணீர் என் மேலெல்லாம் கொட்டியது.

கவிதா காதில் ஹெட்போனோடு படியில் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஆபீஸ் கால்ல இருக்கேன். டூ மினிட்ஸ்..."

"கீழ வாம்மா. இப்பவே வா."

வந்து மாமியாரைக் குனிந்து பார்த்தாள். "கிளாஸ் முடிஞ்சா அத்தை எப்பவும் இப்படித்தானே படுத்திருப்பாங்க?"

"இல்லம்மா. ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு."

"மாதிரின்னா? கன்ஃபார்மா தெரியுமாக்கா?"

"தெரியாது. தப்பா இருந்தா நாளைலேருந்து என்னை வர வேணாம்னு சொல்லிடு. இப்ப போன் பண்ணு."

அவ்வளவு நீளமாக அவளிடம் நான் பேசியதே கிடையாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. தனம் அக்கா எங்கள் இருவரையும் திட்டத் தொடங்கினார். "வாயு பிடிச்சிருக்குது, ஒரு சோடா ஒடச்சிக் குடு" என்றார். கவிதா தண்ணீர் எடுக்கப் போனாள். விழுங்க முடியுமா என்று தெரியாமல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"நைட்டியோட நான் வர மாட்டேன். எதிர்வூட்டுக்காரி பாத்துடுவா. பீரோல அந்த நீலப் பொடவைய எடு."

நம்புவீர்களோ இல்லையோ, கவிதா பீரோவுக்கு ஓடினாள். சாவியைத் தேடினாள். அந்த வீட்டில் மாமியார் ஒன்று சொன்னால் கால் தானாக ஓடும். நானும்கூட ஒரு நொடி, சரி, புடவை கட்டிவிடலாம் என்றே நினைத்தேன். பயம் அப்படித்தான். செய்யத் தெரிந்த சின்ன வேலை ஏதாவது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு முன்னால் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன். "புடவ வேணாம் கவிதா. ஒரு துண்டு கொண்டா, போதும்" என்றேன். நைட்டியின் மேல் துண்டைப் போர்த்தினோம். தனம் அக்கா வலது கையால் அதை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். இடது பக்கம் துண்டு சரிந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது கவிதா என்னைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"அக்கா, இன்னிக்கு அத்தை கழுத்த ஏதாவது பண்ணீங்களா?"

"திருப்பச் சொன்னேன். அவங்களேதான் திருப்பினாங்க. நான் கைய மட்டும் கீழ வச்சிருந்தேன்."

அவள் முகம் மாறியது. கோபமா என்று பார்த்தேன். இல்லை. "ஆஸ்பத்திரில அதச் சொல்லாதீங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லிடலாம். இல்லன்னா உங்க மேல கேஸ் போட்டாலும் போடுவாங்க. இவருக்குக் கோபம் வந்தா எனக்கே பயம்."

இவர் என்றது அவள் கணவனை. எனக்காகத்தான் சொன்னாள். அந்தப் பொய்க்குள் போய் ஒளிந்துகொள்ள நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது போல் நினைத்துப் பார்த்தேன். பத்தாவது படித்தவள், கழுத்தைத் திருப்பி ஆளைச் சாய்த்துவிட்டாள் என்று தெருத் தெருவாகப் பேசுவார்கள். என்னை மட்டும் இல்லை, இந்த வேலை செய்கிற யாரையும் அதற்குப் பிறகு வீட்டுக்குள் விட மாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் இருந்தது. ஒருவேளை என் கைதான் செய்துவிட்டதோ?

ஆம்புலன்ஸில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போனேன். ரோட்டில் வண்டிகள் விலகுவதும் விலகாமல் நிற்பதுமாக இருந்தன. தனம் அக்காவின் திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. நாள் முழுக்க அவர் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ஓடி வந்தார். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? யார் பாத்தது?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"காலைல டிபன் சாப்பிடறப்ப நல்லாத்தான் இருந்தாங்க" என்றாள் கவிதா.

"அதுக்கப்புறம்?"

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "நான் பாத்தேன் சார். கிளாஸ் ஆரம்பிக்கும்போது ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கினாங்க. ரெண்டு காலும் சமமா இருந்துச்சு." மணி சொன்னேன். டிபனுக்கு வெகு நேரம் பின்னால்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடைப்பைக் கரைக்கும் மருந்து போடலாமா கூடாதா என்பதை அந்த மணிதான் முடிவு செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தொடங்கும் முன் இரண்டு பக்கத்தையும் பார்த்துவைக்கும் நம் வழக்கத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

"விழுந்தாங்களா? தலைல அடி?"

கவிதா வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிட்டால் என்னால் மறுத்துப் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டேன்.

"விழல சார். பாயில படுத்திருந்தாங்க. தலையத் திருப்புற பாடம் எடுத்தேன். என் கை கழுத்துக்குக் கீழ இருந்துச்சு."

"நீங்க திருப்பினீங்களா, அவங்களா?"

"அவங்க. மெதுவா."

"வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"சொகமா இருக்குன்னு சொன்னாங்க சார்."

கழுத்தில் ரத்தக் குழாய் கிழிந்திருந்தாலும் பக்கவாதம் வரும் என்று கழுத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கவிதா என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து என் டீச்சருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"கழுத்துன்னு டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி." பிறகு, "ஏதாச்சும் சாப்ட்டியா?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தேன். கையில் தனம் அக்காவின் தலை எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மகன் சிறுசேரியிலிருந்து வந்தபோது மருந்து ஏற்றி முடித்திருந்தார்கள். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது. மாலையில் டாக்டர் எங்கள் மூவரையும் நிற்க வைத்துச் சொன்னார். கழுத்து ரத்தக் குழாயில் கிழிசல் எதுவும் இல்லை. இதயத் துடிப்பு சீராக இல்லை, ரொம்ப நாளாகவே அப்படி இருந்திருக்கக் கூடும். அங்கிருந்துதான் ரத்தக் கட்டி கிளம்பிப் போய் மூளையில் அடைத்திருக்கிறது. தலை வாரும்போது வந்திருக்கலாம், தூங்கும்போதும் வந்திருக்கலாம். தூங்கும்போது வந்திருந்தால் நேரம் சொல்ல ஆள் இருந்திருக்காது என்றார். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அடுத்து வந்த மாதங்களில் யாருடைய கழுத்துக்கடியிலும் கையைக் கொண்டுபோக முடியவில்லை. கொண்டுபோனால் வியர்த்தது. சுகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கையைத் தூக்கச் சொன்னேன். "என்னக்கா, போலீஸ் மாதிரி" என்று சிட்லபாக்கத்தில் ஒரு பெண் கிண்டல் செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். நீங்களும் தூக்கச் சொல்லுங்கள்.

தனம் அக்கா பிழைத்தார். கால் ஓரளவு திரும்பியது. இடது கை தோள் வரைதான் எழுகிறது. நானாகப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கவிதா போன் செய்து கூப்பிட்ட பிறகுதான் போனேன். ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஆளயே காணோம்? என்னைப் பாத்தா பேய் மாதிரி கீதா?"

"இல்லக்கா. பயமா இருந்துச்சு."

"ஒனக்கே பயம்னா எனக்கு?" குரலைத் தாழ்த்தினார். கவிதா காதில் விழக் கூடாது என்பது போல் மாடிப் பக்கம் பார்த்துக்கொண்டார். "பிசியோக்காரப் பையன் வர்றான். கைய முறுக்குறான். வலி உயிர் போவுது. அதுகூடப் பரவால்ல. அன்னிக்கு வலிச்சிருந்தா நானே கத்திருப்பேன்ல? வலிக்கல. அவ்ளோ சொகமா இருந்திச்சு. அதான் இப்ப தூங்கப் போறப்ப கொஞ்சம் சொகமா ஆச்சின்னா, எழுந்து உக்காந்துக்கிறேன். லைட்டப் போட்டுக்கிறேன். இத இவங்களாண்ட சொன்னா சிரிப்பாங்க."

நான் சிரிக்கவில்லை.

"மெதுவா எதாச்சும் சொல்லிக்குடு" என்றார். "ஆனா படுக்க மாட்டேன். கண்ண மூட மாட்டேன்."

நாற்காலியிலேயே வைத்துத் தொடங்கினோம். நானும் எதிரில் ஒரு நாற்காலியில். நான் நிறுத்தாமல் இன்னும் போய்க்கொண்டிருக்கும் ஒரே வீடு அதுதான். முதல் நாள் வலது தோளைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் நகர்த்தச் சொன்னேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். அவர் தாடை தளர்ந்தது. மூச்சு இறங்கியது. இத்தனை வருஷமாக நான் எல்லார் முகத்திலும் எதற்காகக் காத்திருந்தேனோ அது அவர் முகத்தில் வந்தது. வந்த அதே நொடி அவர் கண்கள் விரிந்தன. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சரம்மா, சொகமா கீது. இது நல்ல சொகமா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"பேசுங்கக்கா" என்றேன். "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

மேல் போர்ஷன் குடித்தனக்காரன் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவன் அப்பனையும் சேர்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே தோளை நகர்த்தினார். நான் வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன், ஏதாவது இழுக்கிறதா என்று. இப்போதும் அந்த வீட்டில் வகுப்பு அப்படித்தான் நடக்கிறது, பேச்சும் சத்தமுமாக. நடுவில் அவர் பேச்சு ஒரு நொடி நின்றால் இருவருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.